பலகை இல்லாத மெஸ்ஸும் என் ஆறு ஸ்பூனும்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். பட்டறைகளுக்கு வெள்ளியை நிறுத்துக் கொடுப்பது, கொலுசாகத் திரும்பி வரும்போது நிறுத்து வாங்குவது, சேதாரம் கழிப்பது, டச் (வெள்ளியின் சுத்தம்) பார்த்து எழுதுவது. பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. அரை கிராம் வித்தியாசத்துக்குப் பட்டறைக்காரரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டுவேன். அதே ஆள், தன் எடை 128 கிலோவைத் தொட்டதை மட்டும் கணக்கில் சேர்க்காமலே விட்டுவைத்திருந்தேன்.

இந்த ஜனவரியில் கோவையில், எடை குறைக்கிற ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். வயிற்றில் ஐந்து சின்னத் துளைகள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக விட்டுவிடுகிறார்கள். இருபத்து மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிட்டேன். டாக்டர், ஆஸ்பத்திரி பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது எங்கள் கடையிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருக்கும் மெஸ்ஸைப் பற்றி. பெயர்ப்பலகை கிடையாது. கேட்டால் 'அக்கா மெஸ்' என்பார்கள்.

வேலைக்குத் திரும்பியதில் நான் பயந்தது ஒன்று, வந்து நின்றது வேறொன்று. எங்கள் கடைக்கு வரும் வெள்ளி பார் ஒவ்வொன்றும் 30 கிலோ. முன்பு நானே அணைத்துத் தூக்கித் தராசில் வைப்பேன். ஐந்து கிலோவுக்கு மேல் ஒன்றரை மாதம் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளிக்கு மட்டும் உண்மை தெரியும். மற்றவர்களிடம் குடலிறக்கம் என்று சொல்லி வைத்தேன். குடலிறக்கத்துக்கும் பாரம் தூக்கக்கூடாது என்பது ஊருக்கே தெரியும், ஆகவே பொய் கச்சிதமாகப் பொருந்தியது. மதியச் சாப்பாட்டுக்குத்தான் பொருந்தவில்லை.

முதலில் கொஞ்ச நாள் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் பருப்புத் தண்ணியும் அடித்த தயிரும் கொண்டுபோய், தராசுக்குப் பின்னால் திரும்பி உட்கார்ந்து குடித்துச் சமாளித்தேன். (ஜவ்வரிசிக் கஞ்சி வழுவழுவென்று இறங்குமே என்று டயட்டீஷியனிடம் கேட்டேன். அதில் மாவுச்சத்து மட்டும்தான், புரதம் இல்லை, உங்களுக்கு வேண்டாம் என்றார். ஜவ்வரிசிக்குப் பேர்போன சேலத்துக்காரனிடம் சொல்லும் பேச்சா இது.) ஏழாவது வாரம் திட உணவு தொடங்கலாம் என்றதும் கடைப் பையன்கள் விடவில்லை. "வாங்கண்ணா, மெஸ்ஸுக்குப் போலாம்" என்று இழுத்துப் போனார்கள்.

அந்த மெஸ்ஸில் எனக்கு ஒரு பழைய பெயர் உண்டு. முழுச் சாப்பாடு வாங்கி, சோறு மூன்று தடவை, ரசம் இரண்டு தடவை கேட்கிற ஆள். அன்றைக்கு 'அளவு சாப்பாடு' என்று சொன்னதுமே அக்கா நிமிர்ந்து பார்த்தார். ஆறு ஸ்பூனில் நெஞ்சுக்குக் கீழே கதவு சாத்தின மாதிரி ஆகிவிட்டது. இலை நிறையச் சோறு கிடக்கிறது. நம் ஊரில் இலையில் மிச்சம் வைப்பது சமைத்தவர் முகத்தில் அடிப்பதுபோல. "என்ன தம்பி, உப்பு கூடிப்போச்சா?" என்று கேட்டார். பந்தியில் இருந்த அத்தனை பேரும் என் இலையைத்தான் பார்த்தார்கள்.

மறுநாள் 12 மணிக்கே தனியாகப் போனேன். அக்கா கீரையைக் கடைந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் முதலாளிக்கு அடுத்தபடி உண்மை தெரிந்தவர் அவர்தான். மத்தை நிறுத்தாமல் கேட்டார்: "அப்ப பசியே எடுக்காதா?" பசியைத் தூண்டும் கிரெலின் என்கிற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த பாகத்தில்தான் சுரக்கும், இப்போதைக்குக் கடிகாரம் பார்த்துத்தான் சாப்பிடுகிறேன் என்றேன். "பாவமே" என்றார். என் 128 கிலோவைப் பார்த்து இதுவரை யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அதற்கடுத்த நாளிலிருந்து எனக்கு ஒரு பாயசக் கிண்ணம். அதில் இரண்டு கரண்டி பச்சைப்பயறு கடைசல் அல்லது கீரை கடைசல், பக்கத்தில் இரண்டாக வெட்டிய வேகவைத்த முட்டை. சோறு இல்லை. நாற்பது ரூபாய். முக்கியமான சங்கதி: என் டம்ளரைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டார். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக்கூடாது, முடித்து அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட விதி. தண்ணீர் ஊற்றும் பையன் கை சும்மா இருக்காது, காலி டம்ளரைக் கண்டால் ஊற்றிவிடுவான், நாமும் மறந்து குடித்துவிடுவோம். கவிழ்ந்த டம்ளரைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுகிறான். ஏன் என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒரு தடவை முதலாளி எங்களை ஏசி ஹோட்டல் ஒன்றுக்கு பஃபே விருந்துக்கு அழைத்துப் போனார். ஒரு கப் சூப்பும் ஒரு துண்டு மீனும் எடுத்துக்கொண்டேன். தலைக்கு இவ்வளவு என்று முழுக்காசு போட்டார்கள், அது அவர்கள் வழக்கம், குறை சொல்லவில்லை. ஆனால் சூப்பர்வைசர் மூன்று தடவை வந்து "ஏதாவது பிராப்ளமா சார்?" என்று கேட்டுவிட்டார். மூன்றாவது தடவை குடலிறக்கம் என்று சொல்லியே அனுப்பினேன்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். கடைசல்தான் இங்கே ராஜா. மிக்ஸியில் அடித்த பசை கிடையாது, மண்சட்டியில் மத்தால் கடைந்தது. லேசாகத் திப்பி நிற்கும், ஆனால் தொண்டையில் அடைக்காது. கொள்ளு ரசம் அருமை, மிளகு மட்டும் எனக்கு இரண்டு மடங்காகத் தெரிகிறது. புதன்கிழமை மேட்டூர் அணை மீன் வரும். குழம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்து, முள் இல்லாத பக்கமாகப் பார்த்து வைப்பார். ஒரு நாளைக்கு 60 கிராமிலிருந்து 80 கிராம் வரை புரதம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். முட்டை ஒன்றில் 6 கிராம்தான் தேறும். மீன் இருக்கும் நாளில் மதியக் கணக்கு நிம்மதியாக முடிகிறது. மற்ற நாளில் ராத்திரி வீட்டில் புரதப் பவுடர், சுண்ணாம்பைக் கரைத்த ருசியில்.

கோழி வறுவலை என் போன்றவர்கள் தொடவே வேண்டாம். அட்சய திருதியைக்கு முந்தின வாரம், கடையில் நிற்க நேரமில்லை. ஆறு நிமிடத்தில் இரண்டு துண்டை மென்றும் மெல்லாமலும் விழுங்கிவிட்டு எழுந்தேன். நெஞ்சில் கல் வைத்த மாதிரி நின்றுவிட்டது. எச்சில் ஊறுகிறது, விழுங்க முடியவில்லை, வெறும் நுரையாக வருகிறது. கை கழுவும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்று ஒருவர் ஓடப் பார்த்தார். கேஸ் அடைத்த எதுவும் எனக்கு ஆகாது. நான் கையாட்டுவதற்குள் அக்கா, "சும்மா இருங்க, அவருக்கு ஆகாது" என்று அவரை உட்கார வைத்துவிட்டு, எனக்குப் பின்கட்டில் ஒரு நாற்காலி போட்டார். முக்கால் மணி நேரம் ஆயிற்று அடங்க. கடைப் பையன்களிடம் வாயுத் தொல்லை என்றேன். தப்பு முழுக்க என்னுடையது, வறுவலும் கொஞ்சம் கயிறு மாதிரிதான் இருந்தது.

இந்த மெஸ்ஸின் உண்மையான குறை இடம். மொத்தம் பன்னிரண்டு நாற்காலி. ஒரு மணிக்குப் போனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் நிற்பார்கள், எப்போது எழுவான் என்று. ஒவ்வொரு வாயையும் கூழாக்கி விழுங்க எனக்கு இருபத்தைந்து நிமிடம் வேண்டும். அந்தப் பார்வையில் மெல்ல முடியாது. ஆகவே 12:15-க்குப் போய்விடுங்கள், இல்லாவிட்டால் 2:30-க்கு மேல். சுவரோரம் இருக்கும் மேஜைக்கு ஃபேன் காற்று வராது, மே மாதத்தில் அங்கே உட்கார்ந்தால் அவியல்தான். ஞாயிறும் அமாவாசையும் விடுமுறை. ஜிபே உண்டு.

இவ்வளவு நேரம் இடத்தை அடைத்துக்கொண்டு நாற்பது ரூபாய் கொடுப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. அளவு சாப்பாட்டுக் காசே வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு நாள் நோட்டை நீட்டினேன். "சீட்டுக்குக் காசு வாங்க இது என்ன சினிமா கொட்டாயா?" என்று மீதிச் சில்லறையைக் கையில் திணித்துவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன்னால் சாயங்காலம் கடை சாத்தியதும் தட்டுவடை செட் இரண்டு பிளேட் உள்ளே போகும். போன வாரம் ஒரே ஒரு தட்டுவடை வாங்கி, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் மென்றேன். கடைக்காரர் பல்வலியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். குடலிறக்கம், வாயு, பல்வலி என்று பொய்ப் பட்டியலும் நீண்டுகொண்டே போகிறது.

இன்று காலை 99.4. கடைத் தராசில் அல்ல, வீட்டு மெஷினில். முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் அப்படி ஆகும், பிறகு நிற்கும் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள்.

மெஸ்ஸுக்கு ஐந்துக்கு நாலு. ஒன்று குறைத்தது அந்த நாற்காலிகளுக்காக. புதன்கிழமை மீன் ஒரு மணிக்குள் தீர்ந்துவிடுகிறது என்று பையன்கள் என்னை முறைக்கிறார்கள், நான் முன்னாலேயே போய்விடுவதால். நான் எடுப்பது ஒரு துண்டுதான். அக்காவையே கேட்டுக்கொள்ளலாம்.