மட்டக்களப்பில் இரண்டு நாள் காயப் பராமரிப்புப் பயிற்சி: போகலாமா?

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறையில் வேலை செய்கிற தாதி நான். போன மாதம் மட்டக்களப்பு டவுனில் ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கென்று நடந்த இரண்டு நாள் காயப் பராமரிப்புப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். அடுத்த முறைக்குப் பெயர் கொடுக்கலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல நேரமில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். போங்கள். ஆனால் முதல் நாளைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும்.

முதல் நாள் முழுக்க ஸ்லைட், அதுவும் ஆங்கிலத்தில். அல்ஜினேட், ஹைட்ரோகொலாய்ட், ஃபோம், வெள்ளி கலந்தது என்று புண்ணில் வைத்துக் கட்டும் புதுவகைப் பொருள்களின் படம் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிக்கொண்டே இருந்தது. எங்கள் அலுமாரியில் இருப்பது கோஸ், பஞ்சு, பேண்டேஜ், சேலைன், பொவிடோன் அயடீன், நல்ல காலமென்றால் கொஞ்சம் பரஃபின் கோஸ். பக்கத்தில் இருந்த அக்கரைப்பற்று மிஸ் என் காதுக்குள், "நகைக்கடைக் கண்ணாடிக்கு வெளியில நிக்கிற மாதிரி இருக்கு" என்றா. உண்மைதான்.

ஆனாலும் அந்த நாளில் ஒரு விஷயம் உருப்படியாக மனதில் நின்றது. காயம் என்றால் காய வேண்டும் என்றுதானே நாம் எல்லாரும் நினைத்திருக்கிறோம், "புண் காஞ்சிட்டா?" என்றுதானே விசாரிக்கிறோம். 1962 இல் ஜோர்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளில் செய்து பார்த்தது இதற்கு நேர்மாறு. மெல்லிய படலத்தால் மூடி ஈரம் காக்கப்பட்ட புண்ணில், திறந்து காயவிட்ட புண்ணைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் மேல்தோல் மூடியிருக்கிறது. அறுபது வருசத்துக்கு முந்திய செய்தி, நான் இன்னும் காய்ந்த கோஸை வைத்து, அடுத்த நாள் அதை இழுத்து, புதிதாக வந்த தோலையும் சேர்த்துப் பிய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது சேலைன் ஊற்றி ஊறவிட்டுத்தான் எடுக்கிறேன். ஹைட்ரஜன் பெரொக்சைட்டையும் ஓரமாக வைத்துவிட்டேன், அந்த நுரையைப் பார்த்துக் கிருமி சாகிறது என்று சந்தோசப்பட்டதெல்லாம் சரி, நுரைக்குக் கிருமி வேறு புதுச் சதை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

இரண்டாம் நாள்தான் பயிற்சி. ஸ்லைடை மூடிவிட்டுக் கதிரைகளை வட்டமாகப் போட்டு, செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். முதலில் மோனோஃபிலமென்ட், 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலோன் இழை, அதைச் சீனி வருத்தக்காரரின் (நீரிழிவு உள்ளவர்களின்) பாதத்தில் வைத்து உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பது. முப்பது பேருக்கு மூன்றுதான் இருந்தது. சரி, இதுவும் நகைக்கடைதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது, தமிழில் பேசிய ஒரே பயிற்றுநர், அவவும் ஒரு தாதிதான், "உங்கட விரல் எங்க போச்சு?" என்று கேட்டா. இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரில் தொடங்கிய முறையாம். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒரு செக்கன், இரண்டு செக்கன் மெதுவாகத் தொட வேண்டும். குத்தக் கூடாது, தட்டக் கூடாது, தடவக் கூடாது. ஆறு இடத்தில் இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் பாதங்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. சல்லிக் காசு செலவில்லை.

அப்போதுதான் எனக்கு எங்கள் வயல்காரப் பெரியவர் ஞாபகம் வந்தது. குதிக்காலில் எட்டு மாதமாக ஒரு புண், "மனே, நோவே இல்ல, பிறகென்னத்துக்கு வரச் சொல்றீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார், நானும் நோவில்லாதது நல்லதுதானே என்று கட்டி அனுப்பினேன். சீனி வருத்தக்காரருக்கு நோவில்லாததுதான் வருத்தமே. நான்கு கிழமையில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையவில்லை என்றால் கட்டுவதையே தொடராமல் காரணத்தைத் தேடு, மேல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்றார்கள். திரும்பி வந்த கிழமையே அவரை அனுப்பினேன். அதுவரை புண்ணை அளந்து எழுதும் பழக்கமே எங்களிடம் இருக்கவில்லை.

டொப்ளர் என்ற இரத்த ஓட்டம் கேட்கும் கருவியை வைத்து, கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிட்டு, காலுக்கு இரத்தம் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதைக் காட்டினார்கள். பார்த்தோம், அவ்வளவுதான். கருவி இல்லாவிட்டாலும், நாடி ஓட்டம் பார்க்காமல் வீங்கின காலுக்கு இறுக்கிக் கட்டாதே என்ற பாடம் போதும்.

குறை என்றால், இந்த ஊரின் கால்களைப் பற்றி அவர்களிடம் ஒரு ஸ்லைட்கூட இல்லை. பாண்டிருப்பில் தீ மிதிக்கிறவர்கள், உகந்தையிலிருந்து குமண காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு வெறுங்காலோடு நடக்கிறவர்கள், இவர்களில் சீனி உள்ளவர் எத்தனை பேர்? நாங்கள் கேட்ட பிறகுதான் பேச்சு வந்தது. நேர்த்திக்கடனை வேண்டாம் என்று சொல்ல எங்களால் முடியாது, ஆனால் போகுமுன் அந்த ஆறு விரலைத் தொட்டுப் பார்க்கலாம், திரும்பி வந்ததும் பாதத்தைக் காட்டச் சொல்லலாம். தேநீர் இடைவேளையில் நடந்த இந்தப் பேச்சுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்கியிருக்கலாம்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். சாப்பாட்டுப் பார்சலில் மீன் நல்லது, ஏசி குளிர், பயணக்காசு இன்னும் வரவில்லை. மண்டூர்ப் பக்கமிருந்து பாதைப் படகில் வாவியைக் கடந்து வருகிறவர்கள் காலையில் பிந்தினால் கோபிக்கிறார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. எங்களைப் போன்ற சின்ன இடங்களில் பாதி நாள் மருந்து கட்டுவது சுகாதார உதவியாளர்கள். அவர்களை உள்ளே எடுக்கவில்லை. கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த முறை போகிறவர்களும் எழுதுங்கள், ஒரு ஆள் எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.