புல்லட் மீட்டர்: திறந்து சரிசெய்வதா, புதிதா, டிஜிட்டலா?

இராமேசுவரம் தீவில் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் வைத்திருந்தால், முதலில் பல்லைக் காட்டுவது ஹெட்லைட் தலையில் இருக்கும், வேகம் காட்டும் மீட்டர்தான். கண்ணாடி உள்பக்கம் மங்கும், அதைச் சுற்றியிருக்கும் ரிம் துருவேறும், முள் நடுங்கும். பக்கத்திலிருக்கும், கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்பியர் மீட்டரின் முள் அசையாமல் கிடக்கும். இதற்கு மூன்று வழி உண்டு. இருக்கிற மீட்டரையே வீட்டில் திறந்து புதுப்பிக்கலாம், அதே மாதிரி புது மீட்டர் வாங்கி மாட்டலாம், இல்லையென்றால் டிஜிட்டலுக்குப் போகலாம். நான் முதல் வழியில் போனவன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தே இருக்கும்.

இங்கத்திக் காற்றைப் பற்றி உள்ளூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இந்த உப்புக் காற்றில் அரித்து அரித்து, 2022 கடைசியில் அதன் மேல் ரயிலையே நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் பக்கத்தில் புதுப் பாலம் திறந்தது. குரோம் பூசிய மெல்லிய தகட்டு ரிம்மெல்லாம் எம்மாத்திரம்? எந்த மீட்டர் போட்டாலும் கெடத்தான் போகிறது. அதனால் விலை, அழகு எல்லாம் எனக்கு அப்புறம்தான். அடுத்த முறை கெட்டால் இதைத் திறக்க முடியுமா என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

புது மீட்டரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. கடையில் வாங்கினோம், மாட்டினோம், முடிந்தது. கம்பெனிப் பெயரில்லாத மலிவு மீட்டர்களில் குரோம் பூச்சு மெல்லியது. ஒரு மழைக்காலத்திலேயே ரிம் ஓரத்தில் பழுப்பு கட்டும். இன்னொன்று, கிலோமீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். விற்கும்போது வாங்க வருகிறவர் சந்தேகமாகப் பார்ப்பார். அதில் அவர் மேல் தப்பில்லை.

டிஜிட்டல் பார்க்கப் பளபளப்பாக இருக்கும். முன் சக்கரத்தில் ஒரு காந்தம், எதிரே ஒரு சென்சார், சக்கரத்தின் சுற்றளவை நாமே பதிய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெரும்பாலானவை ஒட்டி மூடியே வருகின்றன. ஒயர்களை இணைக்கும் கப்ளர் பின்கள் பச்சை பூத்துவிட்டால் சுரண்டிப் பார்க்கலாம். உள்ளே சர்க்யூட் பலகையில் உப்பு ஏறிவிட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்.சி.டி. திரை மேலிருக்கும் போலரைசர் என்ற ஒளிவடிப் படலம் வெயிலில் கிடந்து கிடந்து கருத்தும் போகும். அரிச்சல்முனை வரைக்கும் ஒதுங்கி நிறுத்த ஒரு மரநிழல்கூடக் கிடையாது. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: டிஜிட்டலை என் வண்டியில் போட்டு ஓட்டியதில்லை. மைத்துனர் வண்டியில் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறேன். புது வண்டிகளில் கம்பெனியே பொருத்தித் தரும் டிஜிட்டல் மீட்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, அதன் தரமே வேறு.

சரி, பழையதுக்கு வருவோம். “அண்ணே, இதத் தொறந்தா ரிம் போயிரும், புதுசு போட்டுருங்க” என்றுதான் பட்டறையில் சொன்னார்கள். ரிம் போகாமல் திறக்கலாம், அவசரம் மட்டும் ஆகாது. ரிம்மின் விளிம்பு பின்பக்கம் மடித்து அமுக்கியிருக்கும். மெல்லிய தட்டை ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து ஓர் இடத்தில் நூலளவு நெம்பி, அடுத்த இடத்துக்கு நகர்ந்து, இப்படியே வட்டம் முழுக்க வர வேண்டும். ஒரே இடத்தில் நெம்பினால் துருப்பிடித்த தகடு கிழிந்துவிடும்.

உள்ளே இருப்பது மிக எளிய ஏற்பாடு. சக்கரம் ஓடும்போது கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். அது பக்கத்திலிருக்கும் அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே தன்னோடு இழுக்கப் பார்க்கும். மயிரிழை போன்ற ஸ்பிரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும். இந்த இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மனியில் ஓட்டோ ஷுல்ட்சே 1902இல் காப்புரிமை வாங்கிய அதே முறைதான். வேகம் காட்ட பேட்டரியும் வேண்டாம், சிப்பும் வேண்டாம். முள் நடுங்கினால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அடுத்தது ரிம்மிலிருந்து உதிர்ந்த துருத்தூள். அது காந்தத்தில் போய் அப்பிக்கொள்ளும். மெல்லிய தூரிகையால் எடுத்துவிடலாம். கிண்ணத்தின் பக்கம் எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள். பிசுபிசுப்பில் கிண்ணம் இழுபட்டு முள் தாறுமாறாகக் காட்டும்.

டயலை தின்னர், ஸ்பிரிட் எதிலும் துடைக்கக் கூடாது, எழுத்து கையோடு வந்துவிடும். முள்ளைக் கழற்றாமல், அடியில் ஒரு துண்டுக் காகிதம் செருகி, முள்ளுக்கு ஒரே பூச்சு பெயின்ட் கொடுத்தால் போதும். இறுகிப்போன ரப்பர் வளையத்துக்குப் பதிலாக நான் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் போட்டேன்.

மூடும் நேரம்தான் இந்த வேலையின் உயிர். ஈரக்காற்று வீசும் மாலையில் மூடினால் அந்த ஈரமும் உள்ளேயே தங்கி, இரவில் கண்ணாடியில் பனிபோல் படியும். காற்றில் ஈரம் குறைந்த நல்ல உச்சிவெயில் நாளாகப் பார்த்து, எல்லாப் பாகங்களையும் தொட்டால் சுடும்வரை காயவைத்து மூடுங்கள். சுற்றிலும் சிலிக்கான் அப்பி அடைக்கவும் வேண்டாம். கேபிள் நுழையும் வழியாக எப்படியும் காற்று போகும். போன ஈரம் வெளியே வரவும் வழி வேண்டுமே. கேபிளையும் உருவி, மண்ணெண்ணெயில் கழுவி, கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்க நுனியில் மட்டும் ஒரு சாண் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் சுழற்சியில் கிரீஸ் ஏறி உள்ளே போய்விடும். மாட்டியபின் உச்சிப்புளிப் பக்கம் நேர்ச்சாலையில் கைப்பேசி ஜி.பி.எஸ்.ஸோடு வேகத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அழகுபடுத்த நினைப்பவர்கள் ஸ்டிக்கர் கடையில் வெள்ளை டயல் அடித்துக்கொள்ளலாம். பழைய டயலை ஸ்கேன் செய்து கோடுகளின் கோணம் மாறாமல் அடிக்க வேண்டும், இல்லையென்றால் 40இல் போகும்போது 50 காட்டும். மீட்டர் விளக்குக்கு எல்.இ.டி. பல்பு போட்டு எரியவில்லையென்றால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அதற்குத் திசை உண்டு. வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆம்பியர் மீட்டரை அலங்காரம் என்று நினைத்துவிட வேண்டாம். வண்டியின் கரண்ட் அதன் வழியாகத்தான் போகிறது. பின்பக்கத் திருகில் பச்சை பூத்தால் ஓடுகிற வண்டி நடுவழியில் செத்துவிடும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினால் போதும்.

இத்தனைக்கும் பொறுமை இல்லையென்றால் புதிதே வாங்குங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். மாட்டுவதற்கு முன் ரிம்மின் மடிப்பு ஓரத்தில் நிறமில்லாத நகப்பூச்சு ஒரு சுற்று ஓட்டுங்கள். பழைய மீட்டரின் கிலோமீட்டரைப் படம் எடுத்து, மாற்றிய தேதியோடு ஆர்.சி. நகலுடன் வையுங்கள். பழைய மீட்டரைக் காயலாங்கடைக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்; வேண்டாமென்றால் என்னிடம் கொடுங்கள், கண்ணாடிக்காவது ஆகும்.