மலேசியா சுங்கை சிப்புட்ல தவுக்கே (சீன முதலாளி) கடை, சாமி சாமானுக்கு 4 ஸ்டார் (5 குடுக்க மனசு வரல)

நான் பொறந்தது தோட்டத்துல, இப்ப தாமான்ல (வீட்டுக் குடியிருப்புல) இருக்கோம், ஆனா சாமி சாமான்னா இன்னைக்கும் பெரிய ரோட்டு தவுக்கே கடைக்குத்தான் வண்டி தானா போகும். முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பொறந்த ஊருன்னு பெருமையா சொல்லிக்குவோமே, அதே ஊர்தான். கடை போர்டு வெளுத்துப் போயி பேரே தெரியல, நானும் போடல, ஏன்னா கீழ கொஞ்சம் திட்டியிருக்கேன்.

உள்ள நுழைஞ்சதும் கற்பூரம், விபூதி, விளக்குத் திரி. பக்கத்துலயே சீனவங்க கொளுத்தற தடி தடியான ஊதுவத்தி, தங்கக் காகிதம். அதுக்கும் கீழ சர்ச்சுக்குப் போறவங்க வாங்கற மெழுகுவத்தி. நோன்பு மாசம்னா பேரீச்சம்பழப் பெட்டி வாசல் வரைக்கும் வந்துரும். பன்னி இறைச்சி டின் எல்லாம் கடைசி மூலைல தனிப் பெட்டி, மேல ‘திடாக் ஹலால்’னு (ஹலால் இல்லன்னு) எழுதி ஒட்டியிருக்கும், அதுக்குத் தராசு வேற, கல்லா வேற. மாட்டுக்கறி டின்னு சாமி ரேக்குக்கு நேர் எதிர் சுவத்துல. யாராவது சொல்லி இப்படி வச்சீங்களான்னு கேட்டேன், "மூஞ்சி சுளிச்சா அந்த ஆளு திரும்ப வராது தம்பி"ன்னு தவுக்கே தமிழ்லயே சொல்றாரு. எங்க அப்பா காலத்துல 555-ன்னு போட்ட சின்னக் குறிப்புப் புத்தகத்துல கடன் எழுதி சம்பளத்தன்னைக்குக் கட்டுவாங்க, அந்தக் கணக்குலயே கத்துக்கிட்ட தமிழ். சுவத்துல தமிழ் நாள்காட்டி, சீன நாள்காட்டி, நடுவுல குதிரைப் பந்தய நாள் போட்ட குதிரை காலண்டர், மூணையும் பாத்துத்தான் சரக்கு எடுக்கறாரு.

அக்கா மவன் கூட வந்தான், பள்ளிக்கூட விவாதப் போட்டிக்கு நம்ம நாடு மதச்சார்பற்றதா இல்லையான்னு தலைப்பாம், வர்ற வழியெல்லாம் ஒப்பிச்சிட்டே வந்தான். அரசியல் சட்டத்தோட 3-வது பிரிவு இஸ்லாம்தான் கூட்டரசின் மதம்னு சொல்லுது, அதே வரியிலயே மத்த மதங்களையும் அமைதியா நடத்திக்கலாம்னும் சொல்லுது, 1988-ல உச்ச நீதிமன்றம் நாட்டுச் சட்டம் மதச்சார்பற்றதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு, 2001-ல அப்ப பிரதமரா இருந்த மகாதீர் இது இஸ்லாமிய நாடுன்னு அறிவிச்சாரு, அப்ப நான் எந்தப் பக்கம் பேசறது மாமான்னு கேக்கறான். முதல்ல எறங்கி எண்ணெய் டின்னைத் தூக்குடான்னேன்.

சரி, திட்டுக்கு வருவோம். 2025-ல எல்லாம் ஒன்னு மேல ஒன்னு விழுந்துச்சு. மார்ச் 31 ராயா (நோன்புப் பெருநாள்), ஏப்ரல் 4 சிங் மிங் (சீனவங்க முன்னோர் கல்லறைக்குப் போற நாள்), 11 பங்குனி உத்திரம், 13 குருத்தோலை ஞாயிறு. சிங் மிங்கை விடுங்க, அதுக்குக் காகிதம் போதும், மத்த மூணுக்கும் ஒரே தென்னங்குருத்து வேணும். ராயாவுக்கு அரிசி வேகவைக்கற கெத்துப்பாட் கூடு பின்ன, நமக்குத் தோரணம் கட்ட, சர்ச்சுக்காரங்களுக்குப் பவனில கையில புடிக்க. கோயிலுக்கு 20 கட்டு சொல்லி முன்பணமும் கட்டியாச்சு. 10-ந்தேதி காலைல போனா 14 தான் இருக்கு. மிச்சம் 6 சர்ச்சுக்குப் போயிருச்சாம், அதை வாங்கிட்டுப் போனவன் வேற என் கூடத் தமிழ்ப்பள்ளில படிச்சவன். கத்திட்டேன். பெரியவரு அசரவே இல்ல, "உங்களுக்குத் தோரணம் கொஞ்சம் கம்மி, அவங்களுக்கு ஓலை இல்லாட்டி அந்த நாளே இல்ல"ன்னு சொல்லி 6 கட்டுக்குக் காசை எண்ணி வச்சாரு. நியாயம்தான், ஆனா என்னைக் கேட்டுட்டுல்ல குடுக்கணும், முன்பணம் கட்டினவன் நான்.

அஞ்சடில (கடை வாசல் நடைபாதைல) உக்காந்து ஒரு மாக்சிக், மலாய்க்கார அம்மா, கூடு பின்னிட்டு இருந்தாங்க, ராயா மாசம் முழுக்க வர்றவங்களுக்கு விருந்து வைக்கற திறந்த இல்லம் நடக்கும்ல, அதனால அவங்களுக்கு ஓலை வேலை இன்னும் முடியல. என் சத்தத்தைக் கேட்டு "பெலா டுவா லா, டிக்"ன்னு கூப்பிட்டு, ரெண்டா பொளந்துக்கோன்னு செஞ்சே காட்டினாங்க. ஓலையோட அடில கத்தி நுனிய வச்சி, ஈர்க்கை ஒட்டி ஒரே இழு, டர்ருன்னு ரெண்டு மஞ்சள் நாடா, ஈர்க்கு மட்டும் தனியா கைல. நான் செஞ்சா பாதில கிழியுது, அக்கா மவனுக்கு மூணாவது தடவையே வந்துருச்சு. ராத்திரி பூரா கோயில் மண்டபத்துல அப்படியே பொளந்து கட்டினோம். எட்டவும் செஞ்சிருச்சு, ஆனா மெலிசு ஓலை சீக்கிரம் சுருண்டுருச்சு, மத்தியானம் தலைவரு மேல பாத்துட்டு என்னப்பா இது நூடுல்ஸ் தொங்குதுன்னாரு. அந்த ஒரு ஸ்டாரைக் கொறைச்சது இதுக்குத்தான்.

மத்தபடி விலை பரவால்ல, சூடம் மட்டும் வாங்கறப்ப பாக்கெட்டை அமுக்கிப் பாத்து எடுங்க, எனக்கு ஒரு தடவை ஈரம் பட்டது வந்துச்சு, மாத்திக் குடுத்துட்டாரு. சிங் மிங் அன்னைக்கு காலைல கடை பூட்டியிருக்கும், சீனப் பெருநாளுக்கு நாலஞ்சு நாள் தொறக்கவே மாட்டாரு, தைப்பூசம் கிட்ட வர்ற வருசத்துல பால்குடத்துக்கு வேண்டியதை முன்னாடியே வாங்கி வச்சிருங்க. ஓலை சொல்றதா இருந்தா எத்தனை கட்டு, எந்தக் கோயில்னு அவரு புத்தகத்துல அவரு கையாலயே எழுத வைங்க, பக்கத்துல நின்னு பாருங்க. இந்த வருசம் நான் 26 சொல்லியிருக்கேன்.