பி.பி.சி. மைக்ரோவின் சீரியல் போர்ட்: பதின்மூன்றால் வகுத்த கடிகாரம்

எண்பதுகளின் வீட்டுக் கணினிகளுள், இன்றைய மடிக்கணினியோடு கம்பி வழியே பேச வைக்க மிகவும் ஏற்றது எது என்று கேட்டால், ஏகார்ன் நிறுவனம் 1981இல் வெளியிட்ட பி.பி.சி. மைக்ரோவின் மாடல் பி என்றே சொல்வேன். இதற்குக் காரணம் அதன் கடிகாரச் சுற்று.

பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் சீரியல் இணைப்பில் கடிகாரத் துடிப்புக்கென்று தனிக் கம்பி கிடையாது. ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னே வரும் தொடக்க பிட் வந்த கணத்திலிருந்து, பெறும் கணினி தன் சொந்தக் கடிகாரத்தை வைத்தே மீதி பிட்டுகளை எண்ணிக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்துக்கான பத்து பிட்டுகள் முடிவதற்குள் அரை பிட் அளவு விலகிவிட்டால் எழுத்து பிழையாகும். ஆகவே இரு முனைகளின் வேகமும் ஏறக்குறைய 5 விழுக்காட்டுக்கு மேல் வேறுபடக் கூடாது. வழக்கமாக இதற்கென்றே 1.8432 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் ஒன்றைத் தனியே வைப்பார்கள், ஏனெனில் அதை 96ஆல் வகுத்தால் 19,200 பாட் (நொடிக்கு அத்தனை பிட்டுகள்) என்ற வேகம் மிச்சமின்றிக் கிடைக்கும். ஏகார்ன் அந்தச் செலவைத் தவிர்த்தது. திரைக்கும் பிராசசருக்கும் பயன்படும் 16 மெகாஹெர்ட்ஸ் துடிப்பையே 13ஆல் வகுத்து, பின்பு 64ஆல் வகுத்தால் வருவது 19,231. பிழை வெறும் 0.16 விழுக்காடு. பத்து பிட்டுகளுக்கும் சேர்த்து இது ஒரு பிட்டின் 1.6 விழுக்காடுதான். (16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஆர்டுயினோ என்ற இன்றைய சிறு மின்னணுப் பலகையில் 9600 பாட் கேட்டாலும் இதே அளவு பிழைதான் வருகிறது.)

கமோடோர் 64இல் இப்பணிக்கென்று தனிச் சிப் இல்லை. டைமரின் துணையோடு பிராசசரே ஒவ்வொரு பிட்டையும் அனுப்பிப் பெறுகிறது. அதன் கடிகாரமோ வண்ணத் தொலைக்காட்சி முறையைச் சார்ந்தது: ஐரோப்பிய மாதிரியில் 9,85,248 ஹெர்ட்ஸ், அமெரிக்க மாதிரியில் 10,22,727 ஹெர்ட்ஸ். போதாக்குறைக்குத் திரைச் சிப் இடையிடையே சுமார் 40 துடிப்புகள் பிராசசரை நிறுத்தி வைக்கும். 2400 பாடில் ஒரு பிட்டுக்குக் கிடைப்பதே ஏறத்தாழ 410 துடிப்புகள் என்பதால் இது சிறு இடையூறு அன்று. பி.பி.சி. மைக்ரோவில் சீரியல் பணிக்கான 6850 என்ற சிப் இந்தச் சுமையை ஏற்றுக்கொள்கிறது.

வேகத்தை நட்சத்திரக்குறியுடன் தொடங்கும் எஃப்எக்ஸ் 7, எஃப்எக்ஸ் 8 ஆகிய கட்டளைகளால் பெறுவதற்கும் அனுப்புவதற்கும் தனித்தனியே அமைக்கலாம். தொலைபேசி வழித் தகவல் சேவையான பிரெஸ்டெலின் 1200க்கு 75 (பெறுவது 1200 பாட், அனுப்புவது 75 பாட்) என்ற ஏற்பாட்டுக்கு இது நேராகப் பொருந்தியது.

குறைகளும் உண்டு. சீரியல் போர்ட்டில் உள்ள, ஐந்து முள் கொண்ட டொமினோ டின் என்னும் வட்ட இணைப்பியைத் தலைகீழாகவும் செருகிவிடலாம் என்பது மன்னிக்க முடியாத வடிவமைப்பு. கேசட்டும் சீரியல் போர்ட்டும் ஒரே 6850ஐப் பகிர்ந்துகொள்வதால் இரண்டையும் ஒருசேரப் பயன்படுத்த இயலாது. 19,200 பாடை அமைக்க முடியும் என்றாலும், அதற்குக் கையேடு உத்தரவாதம் தருவதில்லை. வரும் எழுத்துகளைத் திரையில் உருட்டிக் காட்டும்போது 2 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் பின்தங்கிவிடும்.

எனவே யுஎஸ்பி சீரியல் கம்பி வாங்குவோர், தரவுக் கம்பிகள் இரண்டோடும் தரைக் கம்பியோடும் நின்றுவிடாமல், பெறும் முனை பின்தங்கும்போது அனுப்புவதை நிறுத்திவைக்க உதவும் ஆர்டிஎஸ், சிடிஎஸ் இணைப்புகளும் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அவற்றை இணைத்து 9600 பாடில் வைத்துக்கொள்வதே என் பரிந்துரை.