மருந்தகத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி

எனக்கு 52 வயது. 13 வயதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சளும் கடலை மாவும் குழைத்துப் பூசிக் குளித்த முகம் இது. சென்ற தைப்பூசத்துக்குப் பிறகு அதே மாவு பட்டாலே எரியத் தொடங்கியது. பேரங்காடி ஒன்றின் அழகுப்பொருள் பிரிவில், நான் சொல்வதைக் காதில் வாங்காமலேயே, நுரை பொங்கும் ஃபேஸ்வாஷையும் அமிலம் கலந்த சீரத்தையும் கையில் திணித்தார்கள். 280 ரிங்கிட். ஒரே வாரத்தில் மூக்கின் இரு பக்கமும் சிவந்து தோல் உரிந்தது.

அதன் பிறகுதான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் உள்ள ஒரு சிறிய மருந்தகத்துக்குப் போனேன். மருந்தாளர் ஒரு தமிழ்ப் பெண். குரலைத் தாழ்த்தி, "அக்கா, மாதவிடாய் நின்று எவ்வளவு காலம் ஆகிறது?" என்றுதான் முதலில் கேட்டார். ஒன்றரை ஆண்டு என்றேன். எந்தக் கடையிலும் யாரும் இதைக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தால் தோலின் எண்ணெய்ப் பசையும் ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனும் குறையுமாம். மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனில் ஏறத்தாழ 30 விழுக்காடு போய்விடுமாம். பையிலிருந்து நான் எடுத்த இன்னொரு டப்பாவை, பக்கத்து வீட்டில் கொடுத்த வெள்ளையாக்கும் கிரீமை, திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுகாதார அமைச்சிடம் பதிவானதைக் காட்டும் அறிவிப்பு எண் எங்கும் இல்லை. "இப்படிப்பட்டவற்றில் பாதரசம் இருக்கலாம், இன்றே நிறுத்திவிடுங்கள்" என்றார்.

அவர் விற்றது இரண்டே பொருள்கள்: நுரைக்காத கழுவும் திரவம், செராமைடு (தோலில் இயல்பாகவே உள்ள ஒரு கொழுப்பு) கலந்த வாசனையற்ற கிரீம். வெண்ணெய் போலக் கெட்டியான அந்தக் கிரீமை என் புறங்கையில் கடுகளவு வைத்து, தண்ணீர் தெளித்துத் தேய்த்துக் காட்டினார். முகம் ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும். சுருக்கத்துக்குப் பூசும் ரெட்டினால் கேட்டேன். தோல் ஆறட்டும், பிறகு இரவில் வாரம் இரண்டு முறை, பட்டாணி அளவு போதும், பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம் என்று சொல்லி, விற்காமல் அனுப்பிவிட்டார்.

ஆறு வாரம் ஆகிறது. எரிச்சலும் உரிதலும் நின்றுவிட்டன. கண்ணோரச் சுருக்கம் அப்படியே இருக்கிறது. மதிய வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது நெற்றி பிசுபிசுக்கிறது, அதனால் பகலில் கன்னத்துக்கு மட்டும் பூசுகிறேன். அந்த மருந்தகத்துக்கு மாலையில் போனால் நீண்ட வரிசை, உட்கார நாற்காலியும் கிடையாது. காலையில் போங்கள், பயன்படுத்தும் டப்பாக்களையெல்லாம் பையில் எடுத்துக்கொண்டு.