மறுபடியும் அதே ஓட்டம்: எனக்குப் பிடித்த ஐந்து கேம்கள்

பழுது பார்க்கக் கொடுத்த கன்ட்ரோலர் திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. இடது ஸ்டிக்கைத் தொடாமலேயே ஆள் தானாக நடந்துகொண்டிருந்தான். ஸ்டிக்கை மாற்றிய பிறகு நிறுத்திய இடத்தில் நிற்கிறான். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பிடித்த ஐந்து வீடியோ கேம்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து கொஞ்ச நேரம் ஆடினேன். அந்த நேரம் பார்த்து நண்பன் ஒருவன் கேட்டான்: "அஞ்சையும் வரிசையாச் சொல்லுடா, நான் எதுல ஆரம்பிக்கிறது?" அவனுக்குச் சொன்னதைத்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஐந்தாவது, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2. 2018இல் வந்த கேம். அந்த உலகத்தின் அழகைப் பற்றிப் பேச எனக்கு எதுவும் மிச்சமில்லை, எல்லாரும் பேசிவிட்டார்கள். என் குறை அதன் வேகம். மானைச் சுட்டால் நாம் ஆடும் நாயகன் ஆர்தர் குனிந்து, தோலை உரித்து, தோளில் போட்டு, குதிரையின் முதுகில் வைப்பது வரை நாம் காத்திருக்க வேண்டும். முதல் தடவை வாய் பிளந்து பார்த்தேன். முப்பதாவது தடவை பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தேன். முகாமுக்குள் ஓடவும் முடியாது. ஆர்தர் மோர்கன் என்ற மனிதனுக்காக ஒரு முறை முழுதாக ஆடலாம். இரண்டாம் முறை என்னால் முடியவில்லை.

நான்காவது, தி விட்சர் 3 (2015). எழுத்தில் இதை மிஞ்சிய கேம் நான் ஆடியதில்லை. வெலன் என்ற பகுதியில் வரும் 'ப்ளடி பாரன்' என்ற பிரபுவின் கதையில் அந்த ஆளை முதலில் வெறுத்தேன், அப்புறம் பாவப்பட்டேன், கடைசியில் என்ன நினைப்பது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் நாயகன் ஜெரால்ட்டைத் திருப்புவது பாரவண்டியைத் திருப்புவது மாதிரி. பெட்டியைத் திறக்கப் போய்ப் பக்கத்தில் இருக்கும் மெழுகுவர்த்தியை ஏற்றுவான், அணைப்பான், மறுபடி ஏற்றுவான். இரண்டுக்கும் ஒரே பட்டன்! இவ்வளவு நல்ல கதையைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இது எப்படித் தெரியாமல் போனது?

ஸ்டார்டியூ வேலி மூன்றாவது. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டார். அதன் பிறகும் பெரிய அப்டேட்களை இலவசமாகவே தந்துகொண்டிருக்கிறார். விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, தூங்கி எழுந்தால் ஒரு நாள். நிஜத்தில் அது சுமார் 14 நிமிடம். தூங்கினால்தான் சேவ் ஆகும் என்பதுதான் சிக்கல். நடுவில் வேலை வந்து எழுந்து போனால் அந்த நாள் போச்சு. மற்றபடி மனம் சரியில்லாத நாளில் நான் திறப்பது இதைத்தான்.

இனி ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற சின்னஞ்சிறு குழு 2017இல் தந்த கேம். புது ஊருக்குள் போனால் மேப் கிடையாது. கார்னிஃபர் என்ற வரைபடக்காரர் எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பார். தரையில் காகிதங்கள் சிதறிக் கிடக்கும், கொஞ்சம் நெருங்கினால் அவர் முனகும் பாட்டு கேட்கும். வழி தெரியாமல் பத்து நிமிடம் அலைந்த பிறகு அந்தக் காகிதம் கண்ணில் படும்போது வரும் நிம்மதி இருக்கிறதே, எந்தப் பாஸை, அதாவது பெரிய எதிரியை, கொன்றாலும் எனக்கு அது வந்ததில்லை. அதே மேப்பில் 'நான் எங்கே இருக்கிறேன்' என்று பார்க்க ஒரு தாயத்தை அணிய வேண்டும். தாயத்துகளுக்கு இருக்கும் சில இடங்களில் ஒன்று அதற்குப் போய்விடும், சண்டைக்கு உதவும் இன்னொன்றைக் கழற்ற நேரும். பலருக்கு இது எரிச்சல். எனக்குச் சரியென்றே படுகிறது.

எனக்கு ஆத்திரம் வருவது வேறு இடத்தில். பாஸிடம் செத்தால் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சில் எழுந்திருக்கிறோம். அங்கிருந்து பாஸ் இருக்கும் அறை வரை ஓட வேண்டும். சோல் மாஸ்டர் என்ற பாஸ் இருப்பது சோல் சாங்க்டம் என்ற கட்டடத்தின் உச்சியில். வழியெல்லாம் எதிரிகள். தாவி, தப்பித்து, மேலே ஏறிப் போனால் சண்டை ஒன்றரை நிமிடத்தில் முடிந்து மறுபடி பெஞ்ச். பாஸிடம் தோற்றதை நான் ஏற்றுக்கொள்கிறேன், அது என் தவறு, அதிலிருந்து கற்றுக்கொள்வேன். அந்த ஓட்டத்தில் கற்க என்ன இருக்கிறது? ஏழாவது தடவை அதே படியை ஏறும்போது என் கை மட்டும்தான் ஆடுகிறது. போன வாரம் ஒருவழியாக சோல் மாஸ்டர் சரிந்தார். கன்ட்ரோலரை மடியில் வைத்தேன். அவர் எழுந்து தரையை உடைத்துக்கொண்டு கீழே வந்தார். நடிப்பு! முதல் தடவை ஆடியபோதும் இதே இடத்தில் ஏமாந்திருக்கிறேன். இவ்வளவு அருமையாக ஒரு தருணத்தை அமைத்தவர்கள், வாசலுக்கு வெளியே ஒரு பெஞ்சைப் போட்டிருக்கலாம்.

மாண்டிஸ் பூச்சிக் கூட்டத்தின் தலைவர்களான மாண்டிஸ் லார்ட்ஸ் என்ற பாஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களை ஜெயித்துவிட்டு வெளியே வந்தால், அதுவரை பாய்ந்து பாய்ந்து அடித்த மாண்டிஸ்கள் எல்லாம் தலை வணங்கி நிற்கின்றன. ஒரு வார்த்தை வசனம் இல்லை. இந்த ஐந்தில் கச்சிதமாகச் செதுக்கப்பட்டது ஹாலோ நைட்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருந்தாலும் இரண்டாமிடம்தான் தருகிறேன். அந்த ஓட்டத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

முதலிடம், செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட். இதுவும் 2017தான். குறை இல்லாமலா? ஆசையாகச் சேர்த்த வாள் நாலு அடியில் நொறுங்கும். நல்ல ஆயுதத்தைப் 'பெரிய எதிரிக்கு' என்று பத்திரப்படுத்தி, கடைசிவரை எடுக்காமலே விட்டிருக்கிறேன். மாஸ்டர் ஸ்வோர்டு என்ற சிறப்பு வாள் உடையாது, ஆனால் அதற்கும் சக்தி தீர்ந்தால் 10 நிமிடம் ஓய்வு. மலையின் முக்கால் பாகம் ஏறியதும் மழை வரும், கை வழுக்கும். அப்போதெல்லாம் திட்டியிருக்கிறேன்.

அப்புறம் ஒரு நாள் கேமில் வரும் கோயில் ஒன்றில் மின்சாரப் புதிர். இரும்புக் கட்டையை வைத்து இணைப்பை முடிக்க வேண்டும். கட்டை எட்டவில்லை. கையில் இருந்த வாளைத் தரையில் போட்டேன், அது இரும்புதானே என்று. கதவு திறந்தது. 'இப்படிச் செய்யலாம்' என்று கேம் எங்கும் சொல்லவில்லை, உலகம் இப்படித்தான் இயங்கும் என்று நானே ஊகித்தேன், அது நடந்தது. அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை வாள் உடைந்தாலும் பரவாயில்லை.

நண்பனிடம் மட்டும் ஹாலோ நைட்டில் ஆரம்பிக்கச் சொன்னேன். முதலிடம் கொடுத்ததை விட்டுவிட்டு இது ஏன் என்று கேட்டான். அவனுக்கு அது பிடிக்கும் என்று தோன்றியது, அவ்வளவுதான். நேற்று இரவு செய்தி அனுப்பியிருந்தான்: "மேப்பே இல்லையே, எங்க போறதுன்னே தெரியல." தரையில் காகிதம் கிடக்கிறதா பார் என்று பதில் போட்டேன்.