படப்புத்தகம் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்: ஷான் டானின் புறநகர்க் கதைகள்

'டேல்ஸ் ஃப்ரம் அவுட்டர் சபர்பியா'வை எங்கள் ஊர் நூலகத்தில் சிறுவர் வரிசையில்தான் வைத்திருக்கிறார்கள். மகளுக்கென்று எடுத்து வந்தேன். அவள் தூங்கின பிறகு சும்மா புரட்டிப் பார்க்க உட்கார்ந்தவன், கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டுத்தான் எழுந்தேன், அடுத்த வாரமே சொந்தமாக ஒரு பிரதியும் வாங்கியாகிவிட்டது. 2008-இல் வந்த புத்தகம். மொத்தம் 15 கதைகள், சில ரொம்பச் சின்னவை. சிறுகதையா, காமிக்ஸா, கவிதையா என்று கேட்டால் மூன்றும் இருக்கிறது என்றுதான் சொல்ல வேண்டும்.

எழுதினவரும் வரைந்தவரும் ஷான் டான்தான். அப்பா மலேசியாவிலிருந்து படிக்க வந்தவர், இவர் வளர்ந்தது மேற்கு ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரின் வடக்குப் புறநகரில். நான் இப்போது குடியிருப்பதும் அந்தப் பக்கம்தான் என்பதால், ஒரே மாதிரி ஓட்டு வீடுகள், வெட்டி விட்ட புல்தரை, மதியத்தில் ஆள் அரவமே இல்லாத தெரு எல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். வந்த புதிதில் இங்கே என்னதான் இருக்கிறது என்று எனக்கு மனசு வெறுத்துப் போயிருக்கிறது. அதே தெருவில்தான் இவர் கதைகளைக் கண்டெடுக்கிறார்.

ஒரு கதையில், எந்நேரமும் சண்டை போட்டுக்கொண்டே இருக்கும் கணவன் மனைவியின் வீட்டு வாசல் புல்தரையில் ஒரு நாள் கடல் பசு ஒன்று கிடக்கிறது. நம் பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்பார்களே, அதுதான். இந்த மாநிலத்தில் அதை நிறையப் பார்க்க வேண்டுமென்றால் பெர்த்திலிருந்து 800 கிலோமீட்டர் வடக்கே ஷார்க் பேவுக்குப் போக வேண்டும், அது எப்படி இந்தப் புல்லுக்கு வந்தது என்று யாருக்கும் தெரியாது. அக்கம்பக்கத்தார் கூடித் தண்ணீர் ஊற்றுகிறார்கள், ஈரத்துணி போர்த்துகிறார்கள், கடைசியில் மீட்புக்காரர்கள் வந்து தூக்கிப் போகிறார்கள். அப்புறம் அந்த வீட்டில் பழையபடி சண்டை. அன்று ராத்திரி அந்த வீட்டுப் பையன், கடல் உயிரினங்கள் பற்றின புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்து, அந்த உடம்பு கிடந்த அச்சில் புல் கருகியிருக்கும் இடத்தின் நடுவில் போய் மல்லாக்கப் படுத்துக்கொள்கிறான். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அம்மா அப்பா சண்டையைக் கேட்டு வளர்ந்த யாரும் அந்தக் கதையை லேசாகக் கடந்து போக முடியாது.

'எரிக்' கதையில் வெளிநாட்டு மாணவன் ஒருவன் ஒரு குடும்பத்தோடு தங்க வருகிறான், உள்ளங்கை அளவு இருப்பான். அவனுக்கென்று ஒரு அறையைப் புது வண்ணம் அடித்துத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள், அவனோ சமையலறைச் சாமான் அலமாரியே போதும் என்று அங்கே போய்விடுகிறான். ஊர் சுற்றிக் காட்டினால் தரையில் கிடக்கும் பொடிப் பொருள்களையே பார்க்கிறான். அவனுக்கு இங்கே பிடித்திருக்கிறதா இல்லையா என்று கடைசி வரை புரியாமல் இவர்கள் தவிப்பதும், அம்மா ஒவ்வொன்றுக்கும் அது அவர்கள் ஊர்ப் பழக்கமாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும், வேற்று ஊரில் போய்க் குடியிருப்பவர்களுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் தெரிந்த விஷயம். படமெல்லாம் சாம்பல் நிறப் பென்சிலில் சின்னச் சின்னதாகவே போகிறது. அவன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பின பிறகு அலமாரிக் கதவைத் திறக்கிறார்கள், அங்கேதான் முதல் தடவையாக வண்ணம். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எழுத்தில் விவரிக்கவே இல்லை, படத்திடம் விட்டுவிட்டார். இந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான், சொல் எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்து நிற்கிறது.

எல்லாக் கதையும் இதே உயரத்தில் இல்லை. வீட்டுக்கு வீடு கொல்லையில் ஒரு ஏவுகணையை நிறுத்தி வைத்திருக்கும் கதை, 2003-இல் ஆஸ்திரேலிய அரசு பயங்கரவாதம் பற்றிக் கையேடும் ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தமும் வீடு வீடாக அனுப்பினதைத் தெரிந்தவர்களுக்குச் சுள்ளென்று உறைக்கும், தெரியாதவர்களுக்கு நல்ல கற்பனை என்ற அளவில் நின்றுவிடும். செல்லப்பிராணியை நாமே செய்துகொள்ள வழி சொல்லும் பக்கம் எனக்கு ஒட்டவில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு வாங்காதீர்கள், படம் இருக்கிறதே தவிர விஷயம் பெரியவர்களுடையது. என் மகளுக்குப் பத்து வயது, அவளே நிறைய இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

முக்கியமாக ஒன்று, அச்சுப் புத்தகமாகவே வாங்குங்கள், ஃபோனில் வேண்டாம். ஜனங்கள் எழுதி யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைக்கும் கவிதைகளெல்லாம் என்ன ஆகின்றன என்று ஒரு கதை இருக்கிறது. கிழித்த காகிதத் துண்டுகளில் கையெழுத்தாகவே அதை அமைத்திருக்கிறார். கவிதைத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய உருண்டையாகி ராத்திரியில் ஊருக்கு மேலே மிதக்கும், அப்புறம் மழையில் நனைந்து ஊரெங்கும் ஒட்டிக் கிடக்கும். அந்தத் துண்டுகளைச் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தால் பக்கமே சிதறிப் போகிறது. மேசை மேல் விரித்து வைத்து, ஒவ்வொரு துண்டாக விரல் வைத்துப் படிக்க வேண்டிய பக்கங்கள் அவை.